மணியடித்தால் நாற்பத்தைந்து

நான் முன்பு வேலை பார்த்த எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் ட்ரையருக்குக் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாட்டிய இளைஞர் திரையில் ஒரு நேர்கோட்டைக் காட்டினார். “பாருங்க சார், ஆடாம அசையாம நிக்குது.” எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பத்தைப் படிக்கிறது என்று கேட்டேன். “அது கம்பெனியிலயே செட் பண்ணி வந்துருக்குங்க சார்” என்றார். நேர்கோட்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வராது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுதி அனுப்புவதாகச் சொல்லி வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மழையளவு, பஸ் வந்த நேரம், யார் எதைச் சொன்னார்கள் என்பதையெல்லாம் இருபத்தைந்து வருடமாகக் குறித்து வருகிறேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. ஒருவர் “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று ஆரம்பித்தால், சொன்ன நேரத்தோடு எடுத்து வாசித்துவிடுவேன்.

சேலத்தில் டிப்ளமா முடித்து, எழுபதுகளின் நடுவில் ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் அந்த எஸ்டேட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பம்பு, ஜெனரேட்டர், பழத்தின் தோலை உரிக்கும் மெஷின், டெலிபோன், மேனேஜர் பங்களாவின் ரேடியோ எல்லாம் என் பொறுப்பு. பத்து வருடம் அப்படிப் போனது. பிறகு, வேலையில் இருக்கும் டிப்ளமாக்காரர்களுக்கென்று கீழே சேலத்தில் நடந்த பகுதிநேர பி.இ. படிப்பில் சேர்ந்தேன். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறு முதல் ஒன்பது வரை வகுப்பு. எஸ்டேட்டிலிருந்து மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க மேனேஜரின் அனுமதிச் சீட்டு வேண்டும். வகுப்பு முடிந்து அக்கா வீட்டில் படுத்து, காலையில் முதல் பஸ்ஸில் மேலே வருவேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு சூத்திரம் என்று கணக்கு வைத்து மனப்பாடம் செய்தேன். பத்தாவது வளைவுக்குமேல் வாந்தி வருவதால் கடினமான சூத்திரங்களை முதலிலேயே முடித்துக்கொள்வேன்.

வகுப்பில் முப்பத்தோரு பேர். பெரும்பாலும் என்னைப் போல முப்பதைத் தாண்டியவர்கள். சிலருக்கு முன்மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் என்ற இரண்டு தாளுக்கும் ஒரே பேராசிரியர். அவரிடம் பழுப்பேறிய ஒரு நோட்டு இருந்தது. அதை அவர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்: “நான் சொல்றப்போ எழுதணும். யோசிக்கக்கூடாது. யோசிச்சா லைன் விட்டுப்போயிடும்.”

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் முழுவதும் ‘எஸ்’ என்ற எழுத்தால் ஆனது. கூட்டலில் எஸ், வகுத்தலில் எஸ், எஸ்ஸுக்குமேல் எஸ். மூன்றாவது வாரம், என் பக்கத்தில் உட்காரும் பழனிசாமி எழுந்து நின்றார். நூல் மில்லில் ஃபிட்டர்.

“சார், இந்த எஸ்ஸுங்கறது மெசின்ல எந்த எடத்துல இருக்குதுங்க?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெஷின்ல எங்கேயும் இல்லப்பா. பரீட்சையில இருக்கு.”

அந்தப் பாடத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் தெளிவானது.

டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் கம்ப்யூட்டர் யுகத்தின் பாடம் என்று சொன்னார்கள். கல்லூரியில் கம்ப்யூட்டரும் இருந்தது, ஏ.சி. அறையில். இரண்டு வருடத்தில் நாங்கள் அதைக் கண்ணாடி வழியாக மூன்று முறை பார்த்தோம்; மூன்று முறையும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பார்த்தோம். கணக்கையெல்லாம் கையால் போட்டோம். ஒரு கணக்குக்கு வரையும் படத்துக்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்த பழனிசாமி, எண்ணெய்க் கறை போகாத விரலால் ஸ்கேலைப் பிடித்து நாக்கைத் துருத்திக்கொண்டு பட்டாம்பூச்சி வரைவார். அவர் மகளும் அந்த வருடம் பள்ளியில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வண்ணம் தீட்டும் வசதி இருந்தது.

சாம்ப்ளிங் என்ற பாடம் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றை விட்டு விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வதற்குப் பெயர் சாம்ப்ளிங். அது ஏறி இறங்கும் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். குறைவாகப் பார்த்தால் ஓர் அலை வேறோர் அலையாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதற்கு அலியாஸிங் என்று பெயர். “போலீஸ் நோட்டீசுல குமார் என்கிற கோழி குமார்னு போடுவானே, அந்த என்கிறதான் அலியாஸ்” என்றார் பேராசிரியர். அவருடைய நோட்டில் இல்லாத ஒரே உதாரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பழனிசாமி மறுபடி எழுந்தார். “அலை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்கு ஒருக்காத்தான் பாக்குறோம்னு வெச்சுக்குங்க சார். அப்ப என்ன ஆவும்?”

“ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்தைத்தான் பார்ப்பே. நேர்கோடு வரும். அலையே கிடையாதுன்னு நெனச்சுப்பே. ஆனா ப்ராக்டிகலா எந்த முட்டாளும் அப்படிச் செய்யமாட்டான். நெக்ஸ்ட்.”

யோசிக்காமல் எழுதும் விதிப்படி அதையும் எழுதிக்கொண்டேன். நோட்டு இன்னும் இருக்கிறது. ‘நடைமுறையில் எந்த முட்டாளும் அப்படிச் செய்யமாட்டான்.’ பரீட்சைக்கு வரக்கூடும் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அதே வருடம் எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். பட்டணத்துக்காரர், நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. மழையில் நனைந்துகொண்டு தோட்டத்தைச் சுற்றுவதைவிட, தோட்டத்தைப் பற்றிய காகிதத்தைச் சுற்றி வருவது அவருக்குப் பிடிக்கும். சர்க்குலர் போடுவார். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சர்க்குலர் எண் 9, சர்க்குலர்களைக் கோப்பில் வைக்கும் முறை பற்றியது. தன்னிடம் பேச வருகிறவர்களை நிற்கவைத்து, முதலில் மேசையில் உள்ள பென்சில்களை நேராக அடுக்குவார். அடுக்கி முடித்ததும் “சொல்லுங்க” என்பார். சொல்ல ஆரம்பித்ததும் “சுருக்கமா” என்பார்.

எங்கள் பக்கம் காப்பி அறுவடை நேரத்தில் ஐப்பசி மழையின் வால் இருக்கும். களத்தில் வெயிலை நம்பிக் காயவைக்க முடியாத நாட்களுக்காக விறகு அடுப்பு வைத்த ட்ரையர் ஒன்று இருந்தது. அடுப்பில் காற்றைச் சூடாக்கி, குழாய் வழியாகக் கொட்டைமேல் ஊதும். காற்றின் வெப்பம் நாற்பத்தைந்து டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் கொட்டை வெந்துவிடும். அப்புறம் அந்தக் காப்பி குடிக்க லாயக்கில்லை.

அடுப்புக்காரர் சேர்வராயன். வாழவந்தியில் பிறந்தவர். அங்கே இருந்த காடு அண்ணன்மார் கைக்குப் போய்விட்டதால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். அவரைப் பற்றி உயர்வாக எதுவும் சொல்ல என் டைரி இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே தூங்கக்கூடியவர். தோன்றினால் ஒரு கட்டை போடுவார். பீடி பிடிக்கப் போவதானால் சேர்த்து மூன்று போட்டுவிட்டுப் போவார். கணக்கெழுதும் ரைட்டர் குழந்தைவேலு தனக்கு நேரம் கிடைத்தபோது போய் வெப்பத்தைப் பார்த்து ஏட்டில் எழுதுவார். அதனால் ஏட்டில் 47, 43, 49, 44 என்று எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. காப்பி ஒழுங்காகவே காய்ந்தது.

புது மேனேஜருக்கு அந்த ஏடு அருவருப்பாக இருந்தது. சர்க்குலர் எண் 14 போட்டார். அதன் சாரம் இது: ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை வாட்ச்மேன் அரை மணிக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். மணி அடித்ததும் ரைட்டர் வெப்பத்தைப் படித்து எழுத வேண்டும். எழுதியவுடன் சேர்வராயன் கட்டைகளைப் போட வேண்டும். அடுத்த மணி வரை யாரும் எதையும் தொடக்கூடாது. எத்தனை கட்டை என்பதை மேனேஜரே மூன்று நாள் பரிசோதித்தார். ஐந்து போட்டால் அடுத்த மணிக்கு 41 இருந்தது, ஏழு போட்டால் 50. ஆறு போட்டால் 45. ஆறு என்று முடிவானது.

அன்றிலிருந்து ஏட்டில் 45, 45, 45. எப்போதாவது ஒரு 46. மேனேஜர் அதை வரைபடத்தாளில் குறித்து, புள்ளிகளைச் சேர்த்து, ஆபீஸ் சுவரில் மாட்டினார். பக்கத்து எஸ்டேட் மேனேஜர்களைக் காப்பிக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இதுக்குப் பேர்தான்யா கண்ட்ரோல். உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தர்றாங்களா, ராஜமாணிக்கம்?”

“சொல்லித்தர்றாங்க சார்” என்றேன். ஏட்டின் கடைசிக் கட்டத்தில் கருவிகளைச் சரிபார்த்தவர் என்ற முறையில் தினமும் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அந்த வாரம் சாம்ப்ளிங் பாடத்தில் நடந்த தேர்வில் எனக்கு முழு மதிப்பெண்.

சேர்வராயனுக்கும் பரம சந்தோஷம். “மணி அடிச்சா முழிச்சுக்கறது, கட்டையப் போட்டாத் தூங்கிக்கறது. இந்தத் தொர நொம்ப நல்ல மனுசனுங்க” என்று என்னிடமே சொன்னார்.

தை முடியும்போது கீழே தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. ட்ரையரில் காய்ந்த காப்பி முழுவதும் வெந்துபோயிருக்கிறது, கொட்டை வெடித்திருக்கிறது, வாடை அடிக்கிறது, எடுத்துக்கொள்ள முடியாது என்றது கடிதம். மேனேஜர் அதை ஒரு பக்கமும் ஏட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னையும் ரைட்டரையும் கூப்பிட்டார். பென்சில்களை அடுக்கினார்.

“ஏடு சரியா இருக்கு. காப்பி கெட்டிருக்கு. அப்போ இது நம்ம காப்பி இல்ல.”

எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்கினார். நல்ல காப்பியை யாரோ எடுத்துக்கொண்டு, வேறெங்கோ வெந்துபோன காப்பியை மூட்டையில் போட்டிருக்கிறார்கள். ட்ரையர் கொட்டகையில் இரவும் பகலும் இருக்கிறவர் ஒரே ஆள். சாயங்காலமே சேர்வராயனுக்கு மெமோ போய்விட்டது. திருட்டுக் குற்றம். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம், ஏழு நாளில் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் சேர்வராயன் மெமோவை மடித்து எடுத்துக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

“ஏனுங்க, ரைட்டரு படிச்சுச் சொன்னாருங்க. எனக்கு நம்பிக்கையில்ல. நீங்க ஒருக்காப் படிங்க.”

படித்தேன். கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தூங்குனேன்னு எழுதியிருந்தா ஒத்துக்குவேனுங்க. திருடுனேன்னு எழுதியிருக்குதே.” பிறகு, “ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்கீங்க போறது? பெரிய புள்ளைக்கு மாப்ள ஊட்டுல இருந்து வர்றேன்னு சொல்லியிருக்காங்க. திருட்டுப் பட்டத்தோட நின்னா எவன் வருவான்?” என்றார்.

மெமோவை மடித்து அவரிடமே கொடுத்தேன். உண்மையை எழுதுகிறேன்: எனக்கும் சந்தேகம் இருந்தது. முப்பத்தெட்டு நாள் ஏட்டில் என் கையெழுத்து இருந்தது. ஏடு நிஜமென்றால் அவர் திருடர்தான்.

வெள்ளிக்கிழமை ட்ரையரின் காற்றாடி பெல்ட் அறுந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். மாற்றி முடித்து ஓடவிட்டு, அடுப்பு பழைய நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். பத்தரை மணி அடித்தது. குழந்தைவேலு வந்து 45 எழுதிவிட்டுப் போனார், சேர்வராயன் ஆறு கட்டை போட்டுவிட்டுச் சாக்கின்மேல் சாய்ந்தார். பெல்ட் சறுக்குகிறதா என்று பார்க்க நான் மட்டும் நின்றேன். பத்து நாற்பதுக்குத் தற்செயலாக வெப்பமானியைப் பார்த்தேன். முள் 59-இல் நின்றது.

வெப்பமானி கெட்டுவிட்டது என்பதுதான் முதல் எண்ணம். அதுவரைக்கும் மேனேஜருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. கழற்றிக்கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். 95 காட்டியது. ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் 95-லேயே கொதித்துவிடும். ஆகவே கருவி சரி. திரும்ப மாட்டி, பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டைரியில் எழுதினேன். 45, 51, 59, 64, 60, 52, 45. அடுத்த அரை மணியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. வெப்பம் அரை மணிக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. நாங்களும் அரை மணிக்கு ஒரு முறை, அது இறங்கி முடித்து அடக்கமாக நிற்கும் நிமிடத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பேராசிரியர் சொன்ன முட்டாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து என்னுடையது.

குழந்தைவேலுவிடம் போனேன். “மணிக்கு நடுவுல எப்பவாச்சும் முள்ளப் பாத்திருக்கீங்களா?”

“பாக்காம இருப்பனுங்களா? குளிருக்கு அங்கதானுங்களே போய் நிக்கறது. அறுவது, அறுவத்திரண்டுன்னு நிக்கும்.”

“ஏன் எழுதல?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எழுதறதுக்குக் கட்டம் இல்லீங்களே.”

திங்கட்கிழமை விசாரணைக்கு முன்னால் மேனேஜரைப் பார்த்தேன். பென்சில்கள் அடுக்கப்பட்டன. சுருக்கமாகச் சொன்னேன். அவர் என் டைரிப் பக்கத்தை விரல் நுனியால் தள்ளினார்.

“சர்க்குலர் 14 படி நடுவுல ரீடிங் எடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ இது ரீடிங்கே இல்ல.” ஒரு பென்சிலை நேராக்கிக்கொண்டு, “உங்க மூணரை மணி பஸ்ஸெல்லாம் ஒழுங்காப் போகுதா ராஜமாணிக்கம்? கடைசி வருஷம், இல்ல?” என்றார்.

போகிறது என்றேன். அந்த இடத்தில் நான் வெளியே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். “நீங்களே ஒரு தரம் வந்து பார்த்துடுங்க சார். நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து கேட்டா, நேர்ல பார்த்தேன்னு சொல்லலாம்” என்றேன். ஆபீசர் என்ற சொல்லுக்கு அவர் எழுந்தார்.

பத்தரை மணிக்கு மேனேஜர், ரைட்டர், நான், குற்றவாளி நால்வரும் ட்ரையர் முன்னால் நின்றோம். மணி அடித்தது. முள் 45-இல் இருந்தது. சேர்வராயன் ஆறு கட்டை போட்டார்.

“பார்த்தாச்சு” என்று மேனேஜர் திரும்பினார்.

பங்களா சமையற்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத் தட்டில் காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. வெளியே தூறல், கொட்டகைக்குள் கதகதப்பு. மேனேஜர் நின்றார். பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடும் மனிதர் என்பதால் நேரம் கிடைத்தது. முள் 51-க்கு வந்தது. 59-க்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

“தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு.”

“கொதிக்கிற தண்ணியில வெச்சுப் பார்த்தேன் சார். தொண்ணூத்தஞ்சு காட்டுச்சு.”

“நூறு காட்டணும்ல? அஞ்சு குறையுது. நான்தான் சொன்னேனே.”

இந்த உயரத்தில் தொண்ணூற்றைந்துதான் என்று சொல்லலாம். சொன்னால் உயரத்தைப் பற்றி ஒரு சர்க்குலர் வரும். “குறைவாக் காட்டுதுன்னா, உள்ள இருக்குறது இன்னும் அஞ்சு ஜாஸ்தி சார்” என்றேன்.

அவர் இன்னொரு பிஸ்கட்டை நனைத்தார். முள் 64. சேர்வராயன் முதல்முறையாகப் பேசினார்.

“ஏனுங்க தொர, தொட்டுத்தான் பாருங்களே.”

எதற்காக அவர் அந்தப் பேச்சைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரு தொழிலாளி சொல்லி, தான் பயந்து நிற்பதா என்று தோன்றியிருக்கலாம். காற்றுக்குழாயின் தகரத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கையை எடுக்க மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. கப் கீழே விழுந்து உடைந்தது. குழந்தைவேலு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மேனேஜர் கையை வாளிக்குள் விட்டபடி நிற்க, முள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணி அடித்தது. முள் 45. யாரும் சொல்லாமலே ரைட்டர் ஏட்டில் எழுதினார்.

மேனேஜர் வாளியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். “தெனமும் இப்படித்தானா?”

“அரை மணிக்கு ஒருக்கா இப்படித்தான் சார்.”

“யாருய்யா இப்படிப் போடச் சொன்னது?”

நாங்கள் மூன்று பேரும் ஆபீஸ் சுவர் இருக்கும் திசையைப் பார்த்தோம்.

விசாரணை நடக்கவில்லை. இரண்டாவது மெமோ வந்தது. அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ‘போதிய ஆதாரம் இல்லாமையால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. மேற்படியார் இனிமேல் திருடக்கூடாது என எச்சரிக்கப்படுகிறார்.’ சேர்வராயன் அதை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “இனிமேலுங்கறாங்களே” என்றார். வீடு தப்பியது. அதற்குமேல் அந்தச் சொல்லோடு அவர் சண்டை போடவில்லை.

சர்க்குலர் எண் 15 வந்தது: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி, மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு கட்டை. அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் வாட்ச்மேனுக்குத் தோள் விட்டுப்போனது. மேல்காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடைவிடாத மணியைக் கேட்டு, தீப்பிடித்துவிட்டதென்று கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். சர்க்குலர் எண் 16, மணிக்குப் பதிலாக ட்ரையர் கொட்டகையில் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டச் சொன்னது. கட்டைகள் ஒவ்வொன்றாகவும் அடிக்கடியும் விழுந்ததால் வெப்பம் 44-க்கும் 47-க்கும் நடுவில் நின்றது. நடுநடுவே போய்ப் பார்த்து என் டைரியில் எழுதி உறுதி செய்துகொண்டேன். சேர்வராயன் என்னோடு சில வாரம் பேசவில்லை. பேசியபோது, “வேலையக் காப்பாத்திக் குடுத்தீங்க, இல்லீங்கல. தூக்கத்தக் கெடுத்துப்போட்டீங்களே” என்றார்.

ஏட்டை மட்டும் மாற்றவில்லை. அரை மணிக்கு ஒரு கட்டம் வீதம் அச்சடித்த ஏடுகள் அலமாரி நிறைய மீதி இருந்தன. ஆகவே கட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ரீடிங் பழையபடி அரை மணிக்கு ஒன்று. இப்போதும் நடுவில் என்ன நடந்தாலும் ஏட்டுக்குத் தெரியாது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையால் பென்சில்களை அடுக்கினார். என் மூன்றரை மணி பஸ்ஸில் மட்டும் பிறகு கை வைக்கவில்லை.

கல்லூரியின் மாதிரித் தேர்வில் அலியாஸிங் பற்றிப் பதினாறு மதிப்பெண் கேள்வி வந்தது. ட்ரையரை வரைந்து, ஐந்து நிமிட அளவுகளைப் போட்டு, மூன்று பக்கம் எழுதினேன். ஐந்து மதிப்பெண் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘நோட்டில் இல்லை’ என்று பேராசிரியர் குறித்திருந்தார். பழனிசாமி நோட்டில் இருந்ததை எழுதிப் பதினான்கு வாங்கியிருந்தார். “காப்பிக்கொட்டைய எதுக்குங்க பரீச்சைக்குக் கூட்டியாந்தீங்க?” என்று கேட்டார். பல்கலைக்கழகத் தேர்வில் நானும் நோட்டில் இருந்ததையே எழுதி, முதல் வகுப்பில் தேறினேன்.

அடுத்த அறுவடைக் காப்பியை ஆலை ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. ட்ரையரை அணைத்த அன்று, இரண்டு வருட ஏடுகளையும் என் ஒர்க்‌ஷாப் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, டைரியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். விறகு அறையின் சாவியை ஒப்படைக்க சேர்வராயன் வந்தார். பெண்ணின் கல்யாணத்துக்கு என்னை அழைத்துவிட்டு, மேசையின்மேல் குனிந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்க வராதே தவிர எண்கள் அவருக்குத் தெரியும். இடது பக்கம் மேலிருந்து கீழாக 45, 45, 45. எங்கோ ஒரு 46. வலது பக்கமும் 45, 45, 45. எங்கோ ஒரு 46. கரி படிந்த விரலால் இரண்டையும் கடைசிவரை தடவிக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, இதுல நான் திருடுன வருசம் எது?”

ஏட்டை மூடி, அட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.